ஆண்களுக்கு மார்பு பெருத்திருப்பதற்கான ஆபரேஷன்: செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்

பெரியபட்டினத்தான் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம். பேரைச் சொல்லாம எழுதுறதுக்கு மன்னிக்கணும்.

எனக்கு 22 வயசு. பாலிடெக்னிக் முடிச்சிட்டு ரெண்டு வருஷமா மாமாவோட வல்லத்துல கடலுக்குப் போயிட்டிருக்கேன். எட்டாவது படிக்கும்போது ரெண்டு காம்புக்கும் அடியில புளியங்கொட்டை அளவுக்குக் கட்டி வந்துச்சு. சட்டை உரசினாலே வலிக்கும். வயசுப் பசங்களுக்கு வர்றதுதான், தானா அமுங்கிரும்னு உம்மா சொன்னாங்க. வலி போயிருச்சு. வீக்கம் போகல, கூடத்தான் செஞ்சுச்சு.

உடம்பைக் குறைச்சா போயிரும்னு எல்லாரும் சொன்னாங்க. 81 கிலோவுல இருந்து 70 கிலோவுக்கு வந்துட்டேன். வயிறு வத்திருச்சு, கன்னம் ஒட்டிருச்சு, மார்பு மட்டும் அப்படியே இருக்கு. சட்டைக்குள்ள ரெண்டு பனியன் போடுறேன், உச்சி வெயில்ல வல்லத்துல இருக்கும்போதும் அதே ரெண்டு பனியன்தான். வலை கடலுக்கடியில இருக்கிற பார்ப் பாறையில சிக்கிட்டா மத்தவங்க எல்லாம் கைலியை இறுக்கிக் கட்டிக்கிட்டு வெறும் உடம்போட குதிப்பாங்க. நான் சட்டையோட குதிப்பேன். ஏறி வரும்போது ஈரச்சட்டை உடம்போட ஒட்டும்ல, அதனால முதல் வேலையா மாருக்குக் குறுக்கே கையைக் கட்டிக்குவேன். பெருநாளைக்குச் சட்டை எடுக்கப் போனா கறுப்பு, இல்லைன்னா கட்டம் போட்டது, ஒரு சைஸ் பெருசு. கூன் போட்டே நடந்து பழகிட்டேன்.

மச்சான் கத்தார்ல இருக்காரு, விசா பார்த்துக்கிட்டிருக்காரு. நாலு மாசத்துல மெடிக்கலுக்குக் கூப்பிடுவாங்களாம். அங்க சட்டையைக் கழட்டச் சொன்னா என்ன பண்றதுன்னு நெனச்சாலே தூக்கம் வரல. அதுக்குள்ள ஆபரேஷன் பண்ணிரலாமான்னு பார்க்கிறேன். ரொம்ப வலிக்குமா? தழும்பு தெரியுமா? எத்தனை நாள்ல கடலுக்குப் போகலாம்? திரும்ப வருமா? வீட்டுல சொல்லாம பண்ணிட்டு வர முடியுமா? இன்னொண்ணு, கேட்கவே கூச்சமா இருக்கு. இது இருந்தா ஆம்பளைத்தனத்துல ஏதும் குறைன்னு அர்த்தமா?

தெரிஞ்சவங்க சொல்லுங்க.


ராம்நாடு செவிலி எழுதியது:

தம்பி, நான் ராமநாதபுரத்தில் பல வருடமாக நர்ஸாக இருக்கிறேன். உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, இதற்கும் ஆண்மைக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. எல்லா ஆண்களுக்கும் காம்புக்கு அடியில் கொஞ்சம் சுரப்பித் திசு உண்டு. வயதுக்கு வரும்போது ஹார்மோன்கள் ஏறி இறங்குவதில் அது வீங்கும். பெரும்பாலான பையன்களுக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் அமுங்கிவிடும். சிலருக்கு அமுங்காமல் நார் மாதிரி இறுகிப்போகும். அதன் பிறகு மாத்திரையோ உடற்பயிற்சியோ அதைக் கரைக்காது. இதற்கு டாக்டர்கள் கைனகோமாஸ்டியா என்று பெயர் சொல்வார்கள். வெறும் கொழுப்பு மட்டும் சேர்ந்திருந்தால் அது வேறு, எடை குறையும்போது அதுவும் சேர்ந்து குறையும். நீ 11 கிலோ குறைத்தும் அது நகரவில்லை என்கிறாய். அதனால் உனக்குச் சுரப்பியும் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால் காரணத்தைத் தேடியாக வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடியால், புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. விதைப்பையையும் டாக்டர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், கூச்சப்படாதே. விதையில் வரும் சில கட்டிகள் முதலில் மார்பு வீக்கமாகத்தான் வெளியே தெரியும். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா? ஸ்பைரோனோலாக்டோன், கீட்டோகோனசோல், ஃபினாஸ்டெரைடு, மனநல சிகிச்சைக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் போன்றவை இதை உண்டாக்கும். அதற்காக எந்த மாத்திரையையும் நீயாக நிறுத்திவிடாதே, டாக்டரிடம் சொல்.

ஒரு பக்கம் மட்டும் கல் மாதிரி கட்டி, காம்பு உள்ளே இழுத்துக்கொள்வது, ரத்தம் கலந்த நீர் வடிவது, அக்குளில் நெறி கட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. மார்பகப் புற்றுநோயில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவுதான் ஆண்களுக்கு வருவது. ஆனால் வருகிறது. உன் வயதில் பயப்பட வேண்டியதில்லை. இதைப் படிக்கும் உன் வாப்பா வயதுக்காரர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன்.

ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காலையில் ஓபி சீட்டு போட்டு அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டு. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேள்.


தங்கச்சிமடத்துக்காரன் எழுதியது:

தம்பி, நான் தங்கச்சிமடம். விசைப்படகுல வேலை. 31 வயசு. 2023 மீன்பிடித் தடைக்காலத்துல இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். ஈரச்சட்டையோட ஏறி வந்து கையைக் கட்டிக்குவேன்னு எழுதியிருக்கியே, அதைப் படிச்சிட்டு என்னால படுக்க முடியல. 15 வருஷம் நானும் அதைத்தான் செஞ்சேன். நடந்ததை எல்லாம் எழுதுறேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையாப் படி.

முதல்ல நான் ஏமாந்த கதை. போன்ல விளம்பரம் பார்த்து வெளியூர்ல ஒரு இடத்துக்குப் போனேன். பேரு வேண்டாம். அங்க டாக்டரைப் பார்க்கவே விடல. கோட் போட்ட ஒருத்தர் போட்டோ ஆல்பத்தைக் காட்டிட்டு, "ஒரு மணி நேரம்தான், தழும்பே இருக்காது, மறுநாளே வேலைக்குப் போகலாம், இன்னைக்கே 5,000 கட்டினா சலுகை"ன்னாரு. ரத்தம் எடுக்கல, என்ன மாத்திரை சாப்பிடுறன்னு கேட்கல. நான் கட்டிட்டேன். வீட்டுக்கு வந்து யோசிச்சு வேண்டாம்னு சொன்னப்ப அந்தப் பணம் திரும்ப வரல. தழும்பே இருக்காதுன்னு ஒருத்தர் சொன்னா எழுந்து வந்துரு. கத்தி பட்ட இடத்துல தழும்பு இல்லாம இருக்காது, எங்க மறைச்சு வைக்கிறாங்கங்கிறதுதான் கைப்பக்குவம்.

அப்புறம் மதுரையில முறையா ஒருத்தரைப் பார்த்தேன். பேருக்குப் பின்னாடி பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சிஎச். இல்லைன்னா டி.என்.பி. படிச்சவரான்னு பாரு. அவரு என்னை உக்கார வச்சு அரை மணி நேரம் பேசினாரு. பீடி குடிப்பியான்னு முதல்ல கேட்டாரு. குடிச்சேன். "நாலு வாரம் தொடாம இருந்துட்டு வா, அப்பத்தான் தேதி தருவேன்"னுட்டாரு. பீடி, சிகரெட் எல்லாம் ரத்த ஓட்டத்தைக் குறைக்குமாம், காம்புத் தோலே கருகிப்போற ஆபத்து இருக்காம். செவிலி அக்கா சொன்ன டெஸ்ட் எல்லாம் எடுத்தாங்க, நெஞ்சுக்கு ஸ்கேனும் பண்ணாங்க. எல்லாம் சரியா இருந்துச்சு. நிறையப் பேருக்கு இப்படித்தான், காரணம்னு தனியா எதுவும் பிடிபடாதுன்னாரு. சீட்டுல கிரேடு ரெண்டுன்னு எழுதினாரு. ஒண்ணுன்னா சின்ன வீக்கம், மூணுன்னா தோலே தொங்கிப்போயிருக்கும், அதுக்குத் தோலையும் வெட்டணும், தழும்பும் பெருசாகும். எனக்குக் கொழுப்பு, சுரப்பி ரெண்டும் இருந்துச்சு.

தேதியை நான்தான் கேட்டு வாங்கினேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கரையில நிக்கும். ஆறு வாரத்துக்குக் கனமா எதையும் இழுக்கவோ தூக்கவோ கூடாதுன்னு அவரு சொன்னதும் எனக்குத் தடைக்காலம்தான் ஞாபகம் வந்துச்சு. ஏப்ரல் 19, புதன்கிழமை. பணம் படகு முதலாளி சம்மாட்டிகிட்ட முன்பணமா வாங்கினது பாதி, அம்மா சீட்டு எடுத்தது பாதி. தனியார் ஆஸ்பத்திரியில எல்லாம் சேர்த்து 82 ஆயிரம் ஆச்சு.

ஆமா, அம்மாகிட்ட சொன்னேன். சொல்லாமப் பண்ணலாமான்னு கேட்டிருக்க. நானும் மேஸ்திரி வேலைக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுப் போக இருந்தேன். கூட ஆள் இல்லாமப் பண்ண மாட்டோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. அதுவும் நல்லதுக்குத்தான். முதல் ஒரு வாரம் நீயே தலைக்குத் தண்ணி ஊத்திக்க முடியாது, கை தோளுக்கு மேல தூக்கக் கூடாது. அம்மாகிட்ட சொன்னப்ப அவங்க ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அதனாலதான் நீ கோயில் கடல்ல குளிக்க வரமாட்டேங்குறியா"ன்னு மட்டும் கேட்டாங்க.

ஆபரேஷன் அன்னைக்கு வெறும் வயிறு. உள்ள போறதுக்கு முன்னாடி டாக்டர் என்னை நிக்க வச்சு பேனாவால நெஞ்சுல வட்டம் வட்டமா வரைஞ்சாரு. படுத்தா சதை பரவிரும், அளவு தெரியாதாம். முழு மயக்கம்தான் கொடுத்தாங்க. ஒன்றரை மணி நேரம். பக்கவாட்டுல சின்ன ஓட்டை போட்டு, மரப்பு மருந்தும் ரத்தம் கசியாம இருக்கிற மருந்தும் கலந்த தண்ணியை உள்ள ஏத்தி, குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறாங்க. அப்புறம் காம்பைச் சுத்தி கறுப்பா இருக்குல்ல, அதோட கீழ் ஓரத்துல அரை வட்டமா கீறி சுரப்பியை எடுக்கிறாங்க. முழுசையும் சுரண்டி எடுத்துட்டா காம்பு உள்ள குழி விழுந்துரும், அதனால அடியில கொஞ்சம் சதையை விட்டு வைப்பாங்க. எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட டப்பாவுல காட்டியிருக்காங்க. நானும் அப்புறம் போட்டோவுல பார்த்தேன். கணவாயைச் சுத்தம் பண்ணி வெட்டி வச்ச மாதிரி, மஞ்சளும் வெள்ளையுமா, ரப்பர் மாதிரி ரெண்டு துண்டு. இத்தனை வருஷம் என்னைக் குனிய வச்சது இதுதானான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

முழிச்சதும் நெஞ்சு முழுக்க இறுக்கமா ஒரு பனியன். ரெண்டு பக்கமும் ட்யூப், நுனியில உருண்டையா ஒரு டப்பா, அதுல ரத்தத் தண்ணி வடியும். வலியைப் பத்திக் கேட்டியே. குத்துற வலி இல்ல. பெரிய வலை இழுப்பு இழுத்த மறுநாள் நெஞ்சுக்கூடே கழண்ட மாதிரி இருக்கும்ல, அந்த மாதிரி நாலு நாள். மாத்திரையில அடங்கிரும். ரெண்டாவது நாள் ட்யூப் எடுக்கும்போது மட்டும் உள்ளுக்குள்ள பாம்பு ஊர்ற மாதிரி இருக்கும், எண்ணி பத்து விநாடி.

ஊருக்குத் திரும்புனதுதான் கஷ்டம். அப்ப பழைய பாம்பன் பாலத்துல ரயிலை நிறுத்தியிருந்தாங்க, பஸ்ஸுலதான் வந்தேன். மாட்டுத்தாவணியில இருந்து தங்கச்சிமடம் வரைக்கும் எத்தனை வேகத்தடைன்னு நான் எண்ணலாம். தலையணையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு முன் சீட்டுல உக்காந்து வந்தேன். இப்ப புதுப் பாலத்துல ரயில் ஓடுது. ராமேஸ்வரம் பக்கத்து ஆளுங்க இதைப் படிச்சா ரயில்லயே வாங்க.

இனிமே எழுதுறதுதான் நீ கவனிக்க வேண்டியது. ஆபரேஷன் டாக்டர் கையில இருக்கு. அதுக்கப்புறம் நாப்பது நாள் உன் கையில இருக்கு. நான் அஞ்சாவது நாளே கெடுத்துக்கிட்டேன். திங்கக்கிழமை சாயந்தரம் சும்மா கரைக்குப் போனேன். பக்கத்து வீட்டு அண்ணன் வல்லத்தை மேல ஏத்திக்கிட்டிருந்தாங்க, ஒரு ஆள் குறையுது. "ஏலே, ஒரு கை பிடி"ன்னு கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல நமக்கு வாய் வராதே. ஒரே ஒரு தடவை தோள் கொடுத்தேன். அப்ப ஒண்ணும் தெரியல. எட்டு மணிக்கு இடது பக்கம் இறுக ஆரம்பிச்சுச்சு. பத்து மணிக்கு பனியனை மீறி பந்து மாதிரி வீங்கி, தோல் பளபளன்னு ஆயிருச்சு. உள்ள ரத்தம் கசிஞ்சு கட்டியிருக்கு. டாக்டருக்குப் போன் போட்டதும் உடனே கிளம்பி வாங்கன்னாரு. ராத்திரியோட ராத்திரியா கார் பிடிச்சுப் போனோம். அதே தையலைப் பிரிச்சு ரத்தக்கட்டியை எடுத்துட்டு, இடது பக்கம் மறுபடியும் ட்யூப் வச்சாங்க. இன்னொரு 11 ஆயிரம். இந்தத் தடவை ட்யூபோட வீட்டுக்கு அனுப்பினாங்க. டப்பாவுல எத்தனை மில்லி வடியுதுன்னு தினமும் எழுதச் சொன்னாங்க. எங்க அம்மா அதை அளந்து தினசரிக் காலண்டர் தாள்ல எழுதுவாங்க. "இடது 60", மறுநாள் "இடது 45", அப்புறம் "இடது 20". 30-க்குக் கீழ இறங்கினதும் எடுத்தாங்க. அந்தத் தாளுங்களைக் கிழிக்காம அம்மா இன்னும் வச்சிருக்காங்க.

இதனால எனக்கு இடது பக்கம் லேசா ஒரு பள்ளம் இருக்கு. விளக்கு பக்கவாட்டுல விழுந்தா தெரியும். ஒரு வல்லத்துக்குத் தோள் கொடுத்ததுக்கு விலை. நீ அந்த ஆறு வாரம் கரைப்பக்கமே போகாத. கூப்பிட்டா கையில தையல் இருக்குன்னு சொல்லு.

இறுக்குப் பனியனை நாலு வாரம் ராத்திரி பகலாப் போட்டேன், அப்புறம் ரெண்டு வாரம் பகல்ல மட்டும். மே மாசம் அக்னி நட்சத்திரத்துல நம்ம ஊர்ல அதைப் போட்டுக்கிட்டு இருக்கிறது சாதாரணம் இல்ல. வேர்க்குரு வந்து விலா எல்லாம் எரியும். ரெண்டு பனியன் வாங்கிக்க, ஒண்ணு துவைச்சு ஒண்ணு போட. உள்ள மெல்லிசா ஒரு பருத்தித் துணியைச் சுருக்கம் இல்லாம விரிச்சுப் போட்டேன், அப்புறம்தான் தாங்குச்சு. சுருக்கம் இருந்தா தோல்ல அச்சு விழுந்துரும். மல்லாந்துதான் படுக்கணும்.

சில விஷயம் நடக்கும், பயந்துராத. நெஞ்சு, விலா எல்லாம் ஊதா நிறமாயி வயிறு வரைக்கும் இறங்கும், ரெண்டு மூணு வாரத்துல மஞ்சளாயி மறைஞ்சிரும். காம்பு மரத்துப்போகும். எனக்கு உணர்ச்சி முழுசா வர நாலு மாசத்துக்கு மேல ஆச்சு, சில பேருக்கு லேசான மரப்பு நின்னுருமாம், அதையும் டாக்டர் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கினாரு. மூணாவது வாரம் காம்புக்கு அடியில கெட்டியா தட்டுப்படும். திரும்ப வந்துருச்சுன்னு நான் அழுதுட்டேன். அது உள்ள ஆறுற தழும்பு. அவரு சொன்ன மாதிரி எண்ணெய் தொட்டு அமுக்கி விட விட இளகிருச்சு. கட்டு பிரிச்ச அன்னைக்குக் கண்ணாடியைப் பார்த்துட்டு இவ்வளவுதானான்னு நெனைக்காத. வீக்கம் முழுசா வடிய மூணுலிருந்து ஆறு மாசம் ஆகும்.

தழும்பு காம்பு ஓரத்துலயே இருக்கிறதால இப்ப நான் காட்டினாத்தான் தெரியும். முதல்ல சிவப்பா இருந்துச்சு, ஒரு வருஷத்துல தோல் நிறத்துக்கு வந்துருச்சு.


கீழக்கரை காக்கா எழுதியது:

தம்பி, மெடிக்கல் பத்தி நான் சொல்றேன். நான் 17 வருஷம் சபரு, அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போயிட்டு வந்தவன். எனக்கும் இதே மாதிரி மார்புதான், ஆபரேஷன் பண்ணல. மூணு தடவை மெடிக்கல் போயிருக்கேன், மூணு தடவையும் பாஸ். அவங்க தேடுறது காசநோய், மஞ்சள் காமாலைக் கிருமி, எச்.ஐ.வி. மாதிரி சமாச்சாரங்கள். எக்ஸ்ரே எடுக்கும்போது சட்டையைக் கழட்டச் சொல்வாங்க, அங்கி ஒண்ணு கொடுப்பாங்க. எடுக்கிற ஆளு ஒரு நாளைக்கு அத்தனை பேரைப் பார்க்கிறாரு, உன்னை ஏறிட்டும் பார்க்க மாட்டாரு. அதுக்குப் பயந்து நாலு மாசத்துக்குள்ள ஆபரேஷனை முடிக்கணும்னு ஓடாத. பண்ணிட்டு ஆறாத உடம்போட அங்க போய்ச் சுமை தூக்குற வேலையில சேர்ந்தா, மேலே தம்பி சொன்ன கதைதான் ஆகும். அங்க உன்னை யாரு மதுரைக்குக் கூட்டிட்டுப் போவா?

இன்னொண்ணு. எங்க தெருவுல ஒரு பையன் ஜிம்முல உடம்பு ஏத்துறேன்னு ஊசி போட்டுக்கிட்டான். ஆறே மாசத்துல மார்பு வீங்கிருச்சு. ஆபரேஷன் பண்ணினான். பண்ணிட்டு மறுபடியும் அதே ஊசி, மறுபடியும் வீங்கிருச்சு. திரும்ப வருமான்னு கேட்டியே, இப்படித்தான் வரும். உனக்கு அந்தப் பழக்கம் இருந்தா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லிரு.

நான் ஆபரேஷன் பண்ணாமலே இருந்துட்டேன். அது எனக்குச் சரியா இருந்துச்சு. உனக்கு மனசு கேட்கலைன்னா பண்ணிக்க, அதுல தப்பே இல்ல.


பெரியபட்டினத்தான் எழுதியது:

அக்கா, அண்ணே, காக்கா, எல்லாருக்கும் நன்றி. மூணு நாளா இதைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

நேத்து உம்மாகிட்ட சொல்லிட்டேன். அடுப்படியில மீன் அரிஞ்சுக்கிட்டிருந்தாங்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அரிவாமனையை விட்டு எழுந்திரிக்கல. அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து, "எட்டாவதுல நான் தானாப் போயிரும்னு சொன்னேனே வாப்பா"ன்னு அழுதாங்க. அவங்களைச் சமாதானப்படுத்தத்தான் நேரம் சரியா இருந்துச்சு. வாப்பாகிட்ட அவங்களே பேசுறேன்னு சொல்லியிருக்காங்க. திங்கக்கிழமை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போறோம். நான் எந்த ஊசியும் போட்டதில்ல காக்கா, மாத்திரையும் இல்ல.

மச்சான்கிட்ட பேசி விசாவைத் தள்ளிப்போட முடியுமான்னு கேட்கப் போறேன்.

தங்கச்சிமடத்து அண்ணே, ரெண்டு கேள்வி. எங்க வல்லத்துக்குத் தடைக்காலம் கிடையாதே, நான் எந்த மாசம் பண்றது? உப்புத் தண்ணி எப்பப் படலாம்? இன்னொண்ணு, நீங்க சட்டையில்லாம முதல்ல எப்பக் கடல்ல இறங்கினீங்க?


தங்கச்சிமடத்துக்காரன் எழுதியது:

தம்பி, உம்மாகிட்ட சொன்னது எனக்கே நிம்மதியா இருக்கு.

வல்லத்துக்குத் தடை இல்லைங்கிறது சரிதான். ஐப்பசி, கார்த்திகையில மழையும் வாடைக்காத்தும் சேர்ந்து எத்தனை நாள் கடலுக்குப் போக முடியாம உக்காந்திருப்பீங்க, அதைக் கணக்குப் பண்ணு. வெயிலும் இருக்காது, இறுக்குப் பனியனுக்கு அதுதான் நல்ல மாசம். என்னை மாதிரி மே மாசத்துல வேகாத. மாமாகிட்ட ரெண்டு மாசம் வர முடியாதுன்னு முன்னாடியே சொல்லிரு, அவரு வேற ஆள் பார்த்துக்கட்டும். பாதியில கூப்பிட்டா உன்னால மறுக்க முடியாது, எனக்குத் தெரியும்.

உப்புத் தண்ணி, தையல் இடம் நல்லா மூடி பொருக்கு எல்லாம் உதிர்ந்த பிறகுதான். என் டாக்டர் நாலு வாரம்னாரு, நான் ஆறு வாரம் இருந்தேன். உன் டாக்டர் காயத்தைப் பார்த்துட்டு சொல்றதுதான் கணக்கு.

ஜூன்ல படகு கிளம்பினப்ப நானும் போனேன், ஆனா முதல் மாசம் வலை இழுக்கல, மீன் பிரிக்கிற வேலை மட்டும் பார்த்தேன். சட்டையைக் கழட்டல. வீக்கம் இன்னும் வடியல, மனசும் வரல. ஆவணி மாசம் ஒரு நாள் மத்தியானம், வலையில கிடந்த கயிறு ஒண்ணு படகுக்கு அடியில இருக்கிற இன்ஜின் காத்தாடியில சுத்திக்கிச்சு. யாராவது இறங்கணும். நான் எழுந்து சட்டையைக் கழட்டி ஐஸ் பெட்டி மேல போட்டேன். கை தானா மாருக்குக் குறுக்கே வந்துச்சு, இறக்கிக்கிட்டேன். கத்தியைப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் குதிச்சேன். தண்ணி நேரா நெஞ்சுல பட்டுச்சு தம்பி. 14 வயசுக்கப்புறம் அன்னைக்குத்தான். காம்புல அப்பவும் பாதி மரப்பு, ஆனா மத்த இடமெல்லாம் குளிர்ந்துச்சு. கயித்தை அறுத்துட்டு ஏறினப்ப டிரைவர் அண்ணன் என் நெஞ்சைப் பார்க்கல, "எல்லாத்தையும் அறுத்துட்டியா, ஸ்டார்ட் பண்ணவா"ன்னுதான் கேட்டாரு.

சட்டையை அன்னைக்கு சாயந்தரம் வரைக்கும் போடல. முதுகு எல்லாம் வெந்து போச்சு.

திங்கக்கிழமை போகும்போது முன்னாடி பட்டன் வச்ச சட்டையாப் போட்டுட்டுப் போ, டாக்டர் பார்க்க சுலபமா இருக்கும். உள்ள ஒரு பனியன் போதும். ரத்த ரிப்போர்ட் வந்ததும் இங்க எழுது.